வெயில் காயும் கரையில் வைட்டமின் பஞ்சம்

தரங்கம்பாடியில் வெயிலுக்குக் குறைவில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 பாகையில், கிழக்கே மறைப்பு எதுவும் இல்லாமல் கடலைப் பார்த்து அமைந்த ஊர் இது. ஐப்பசி, கார்த்திகை மழை நாள்கள் போக, ஆண்டின் பெரும்பகுதியில் வெயில் இங்கே தாராளம். ஆனாலும் இந்தக் கரையிலும் இதை ஒட்டிய காவிரிப் படுகையிலும், கை கால் குடைச்சல், முதுகுவலி, தீராத அசதி என்று மருத்துவரைத் தேடிப் போகும் நடுவயதினர் பலர் ‘வைட்டமின் டி கம்மி’ என்ற ரத்தப் பரிசோதனை முடிவோடு வீடு திரும்புகிறார்கள். சூரியன் இலவசமாகத் தரும் ஒரு சத்து, சூரியன் குறையாத ஊரில் குறைந்துபோகிறது. இதை ஓர் எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

இந்தக் குறைபாட்டுக்கு ஒரு கூட்டாளி உண்டு. அது இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. எடை கூடியவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளது. நம் மருத்துவ நடைமுறையோ இரண்டையும் இரு வரிசைகளில் நிறுத்துகிறது. எடைக்கு ஓர் அறிவுரை. வைட்டமினுக்கு ஒரு மாத்திரை. இரண்டுக்கும் பொதுவான காரணம், உழைப்பு நின்றுபோன உடல். அந்தக் காரணத்தை எந்த வரிசையிலும் யாரும் பேசுவதில்லை.

எடையைப் பற்றிய கணக்கு தெளிவாக இருக்கிறது. 2015-16ல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் கூடுதல் எடை அல்லது உடற்பருமன் கொண்ட பெண்கள் 30.9 சதவீதம், ஆண்கள் 28.2 சதவீதம். 2019-21ல் நடந்த ஐந்தாவது கணக்கெடுப்பில் அது பெண்களிடம் 40.4 சதவீதமாகவும் ஆண்களிடம் 37 சதவீதமாகவும் ஏறியது. நாடு முழுவதற்குமான அளவு அதே கணக்கெடுப்பில் பெண்களுக்கு 24, ஆண்களுக்கு 22.9. கிலோவில் எடுத்த எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது உடல் நிறை எண். மேலே சொன்னவை அந்த எண் 25ஐத் தொட்டவர்கள், தாண்டியவர்களின் கணக்கு. நம் உடல்வாகுக்கு 23லேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது என்று இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009ல் வரையறுத்தார்கள். அந்த அளவுகோலை வைத்து எண்ணினால் தொகை இன்னும் உயரும்.

தரங்கம்பாடிக்கென்று தனிக் கணக்கு இல்லை. இந்த ஊர் அடங்கிய மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020ல். ஐந்தாவது கணக்கெடுப்பு நடந்ததோ 2017ஆம் ஆண்டின் மாவட்ட எல்லைகளை வைத்து. எனவே இந்தக் கரையின் எண்கள் பழைய நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள் கலந்துகிடக்கின்றன. வைட்டமின் டி அளவு அந்தக் கணக்கெடுப்பின் வெளியான முடிவுகளில் இல்லை. 2016-18ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு அதை ரத்தத்தில் அளந்தது. ஆனால் 19 வயதோடு நிறுத்திக்கொண்டது. வளரிளம் பருவத்தினரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குறைபாடு இருப்பதை அது காட்டியது. அன்றைய அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று வேலைக்குப் போகும் வயதை எட்டிவிட்டார்கள். அளந்து வெளியிடாத ஒன்றுக்கு எந்தத் துறையும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. ஆகவே கணக்கெடுப்புகளில் அளப்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்கிறோம்.

உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெயிலில் உள்ள ‘பி’ வகைப் புற ஊதாக் கதிர் தோலில் படும்போது, அங்குள்ள கொழுப்புப் பொருள் ஒன்று வைட்டமின் டியாக மாறத் தொடங்குகிறது. கல்லீரல் அதை ஒருமுறை மாற்றுகிறது. பரிசோதனைக்கூடம் அளப்பது இந்த இடைநிலை வடிவத்தைத்தான். சிறுநீரகம் அதை மறுபடி மாற்றிய பிறகே செயல்படும் வடிவம் கிடைக்கிறது. குடல் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதற்கும், எலும்பு உறுதியாக இருப்பதற்கும், தசை வலுவோடு இயங்குவதற்கும் அது தேவை. நீண்ட காலம் குறைந்தே இருந்தால் பெரியவர்களுக்கும் எலும்பு மென்மையாகிவிடும்.

கொழுப்பில் கரையும் சத்து என்பதால் வைட்டமின் டி கொழுப்புத் திசுவுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. உடல் பெருக்கப் பெருக்க, இருக்கும் சத்து பரவ வேண்டிய இடமும் கூடுகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பருமனானவர்களையும் மற்றவர்களையும் ஒரே அளவு புற ஊதாக் கதிரில் நிறுத்திப் பார்த்தார்கள். பருமனானவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி ஏறிய அளவு மற்றவர்களைவிட 57 சதவீதம் குறைவு. அவர்கள் தோலில் உற்பத்திக்கான மூலப்பொருள் குறைந்திருக்கவில்லை. உண்டானது முழுதாக ரத்தத்துக்கு வந்துசேரவில்லை. ஒரே வெயிலில் நிற்கும் இருவருக்கு ஒரே பலன் கிடைப்பதில்லை என்பது இதன் பொருள்.

எடை கூடியதால் சத்து குறைந்ததா, சத்து குறைந்ததால் எடை கூடியதா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 2013ல் ஏறத்தாழ 42,000 பேரின் மரபணுத் தகவல்களை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வு அதற்கு விடை சொன்னது. அதன் முதன்மை ஆசிரியர் விமலேஸ்வரன், சென்னையில் நீரிழிவு மரபியல் ஆராய்ச்சியில் தேர்ந்து பின்னர் பிரிட்டனுக்குச் சென்றவர். உடல் நிறை எண் 10 சதவீதம் கூடினால் ரத்தத்தில் வைட்டமின் டி சுமார் 4 சதவீதம் குறைகிறது என்று அந்த ஆய்வு கண்டது. எதிர்த்திசையில், வைட்டமின் குறைவால் எடை கூடுகிறது என்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. மாத்திரை விழுங்கினால் உடம்பு இளைக்கும் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமில்லை.

அடுத்த கேள்வி நமக்கு இன்னும் முக்கியமானது. எடை உடனே குறையாவிட்டாலும் உடலை அசைப்பதால் மட்டும் பலன் உண்டா? பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2025ல் முடிவை வெளியிட்டார்கள். எடை கூடிய பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு, வெயில் பலன் தராத குளிர்கால மாதங்களில், 10 வாரம் உடற்பயிற்சி தந்தார்கள். வாரத்துக்கு நான்கு முறை. நடை இயந்திரத்திலும் நிலைச் சைக்கிளிலும். முழுவதும் கூரைக்குக் கீழே. வைட்டமின் மாத்திரை எதுவும் தரவில்லை. எடை குறையாதபடி உணவையும் பார்த்துக்கொண்டார்கள். குளிர்காலம் என்பதால் இரு பிரிவினருக்கும் சத்து இறங்கியது. பயிற்சி செய்யாதவர்களுக்கு சுமார் 25 சதவீதம் இறங்க, செய்தவர்களுக்கு சுமார் 15 சதவீதமே இறங்கியது. செயல்படும் வடிவம் பயிற்சி செய்தவர்களிடம் குறையாமல் நின்றது. மற்றவர்களிடம் சுமார் 15 சதவீதம் குறைந்தது.

இந்த முடிவை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அது சிறிய ஆய்வு. வேறு தட்பவெப்பத்தில் நடந்தது. உடல் இயங்கும்போது கொழுப்புத் திசு தான் பிடித்துவைத்த சத்தை விடுவிக்கிறது என்பது பொருத்தமான விளக்கமாகத் தோன்றினாலும், அதற்கு மேலும் ஆய்வு வேண்டும். ஆனால் பயிற்சி நடந்தது கூரைக்குக் கீழே. அந்தப் பலனில் வெயிலுக்குப் பங்கில்லை. அப்படியானால், வெயிலும் உழைப்பும் ஒருசேரக் கிடைக்கக்கூடிய ஒரு நாட்டில், இரண்டையும் ஒருசேர இழந்துகொண்டிருக்கும் மக்களின் நிலை என்ன?

இழப்பைக் காவிரி டெல்டாவின் வயலில் பார்க்கலாம். நாற்றுப் பறி, நடவு, களையெடுப்பு, அறுவடை, கதிரடிப்பு, தூற்றல் என்று குறுவையும் சம்பாவும் தாளடியும் கேட்ட உழைப்பில் பெரும்பகுதி வெயிலில் நடந்தது. குனிந்த முதுகிலும் கைகளிலும் கழுத்திலும் மணிக்கணக்கில் வெயில் பட்டது. இன்று பல வயல்களில் நேரடி விதைப்பு. சிலவற்றில் நடவு இயந்திரம். அறுவடைக்கு ஏறத்தாழ எங்கும் இயந்திரம். பத்துப் பேர் பகல் முழுதும் அறுத்த வயலை இயந்திரம் சிறிது நேரத்தில் முடித்துவிடுகிறது. அந்த வேலை முதுகொடித்த வேலை. கூலியும் குறைவு. அது திரும்ப வர வேண்டும் என்று எவரும் கேட்கக் கூடாது, நாமும் கேட்கவில்லை. ஆனால் அந்த உழைப்பு உடலுக்குக் கொடுத்துவந்ததை வேறு எதுவும் இன்னும் கொடுக்கவில்லை. வரப்பில் நடந்த கால் இருசக்கர வாகனத்தில் ஏறிவிட்டது. களத்து மேட்டில் நின்ற உடல் கடையின் கல்லாவிலும், அலுவலக நாற்காலியிலும், தொலைக்காட்சிக்கு முன்னாலும் உட்கார்ந்துவிட்டது. உழைப்பு பாதியாகக் குறைந்த பிறகும் சோற்றின் அளவு பழைய உழைப்புக்கு உரியதாகவே இருக்கிறது.

கடலிலும் அதே மாற்றம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இக்கரையில் கட்டுமரங்கள் வேகமாக மறைந்து, வெளிப்பொருத்து இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. துடுப்பு வலித்த தோளுக்கு வேலை குறைந்தது. கடலுக்குப் போகிறவர் இன்னும் வெயிலில்தான் நிற்கிறார். கரையில் இருக்கும் அவர் வீட்டாருக்கும், தொழிலை விட்டுக் கூலிக்கும் கடைவேலைக்கும் போய்விட்ட அவர் பிள்ளைகளுக்கும் அந்த வெயிலும் இல்லை.

திருப்பதியில் நடந்த ஆய்வுகள் இந்த மாற்றத்துக்கு ஓர் அளவுகோல் தருகின்றன. வயலில் வேலை செய்யும் கிராமத்தவரின் வைட்டமின் டி அளவு நகரவாசிகளைவிடக் கூடுதலாக இருந்ததை அவை பதிவு செய்தன. கிராமப் பெண்களிடம்கூடக் குறைபாடு பரவலாக இருந்ததையும் அவையே பதிவு செய்தன. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உணவும், அதை உறிஞ்சவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் நிறைந்த தானியமும் சேர்ந்து நிலைமையை மோசமாக்குவதாக அவை சுட்டின. தரங்கம்பாடிக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள தூரம் சூரியனுக்குப் பெரிதன்று. அங்கே வயலை விட்டு நகரத்துக்குப் போனவருக்கு நேர்ந்தது, இங்கே வயலோரத்து வீட்டிலேயே நேர்கிறது.

பெண்களின் நிலை தனியே சொல்லப்பட வேண்டியது. 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். வீட்டுவேலை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுவேலை ஓயாத வேலைதான். ஆனால் கிரைண்டரும் மிக்சியும் எரிவாயு அடுப்பும் வந்த பிறகு, அதில் மூச்சு வாங்கும் பகுதி குறைந்து, நின்றும் உட்கார்ந்தும் செய்யும் பகுதியே மிஞ்சியது. அதுவும் நிழலில் நடக்கும் வேலை. வெயிலில் போனால் கறுத்துவிடுவாய் என்று பெண்ணுக்குச் சிறுவயதிலிருந்து சொல்லிவருகிறோம். வேலையற்று நடக்கும் பெண்ணை ஊர் திரும்பிப் பார்க்கிறது. உடலை அசை என்று அறிவுரை சொல்லும் சமூகம், அசைவதற்கு அவளுக்கு இடமும் நேரமும் தரவில்லை.

இடம் தருவது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. கூடவே இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும். ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவு. அந்த அரை மணி நேரத்தை எங்கே செலவிடுவது? பேருந்தும் லாரியும் உரசிச் செல்லும் சாலையின் ஓரத்தில் நடைபாதை இல்லை. பல தெருக்களில் விளக்கு எரிவதில்லை. நாய்களுக்குப் பயந்து முதியோர் வெளியே வருவதில்லை. கடற்கரையில் நடக்கலாம் என்றால், கழிப்பறையும் வெளிச்சமும் உட்கார ஒரு திண்ணையும் வேண்டும். 2023 நவம்பரில் மாநிலத்தின் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைகள் தொடங்கப்பட்டன. நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை போதாது; ஊருக்கு ஒன்று வேண்டும். வீட்டிலிருந்து நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில் வேண்டும். ஒரு பெண் தனியாக நடக்கக்கூடியதாக வேண்டும்.

நேரத்தைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டும். விடியற்காலை இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. சூரியன் சாய்ந்திருக்கும்போது தேவையான கதிர் பெரும்பாலும் காற்று மண்டலத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வேளையில்தான் தோலில் உற்பத்தி நன்றாக நடக்கும். திருப்பதி ஆய்வு முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைச் சொல்கிறது. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் இராது. அதற்காகச் சித்திரை, வைகாசியின் உச்சி வெயிலில் யாரும் நடைப்பயிற்சி செய்யக் கூடாது. வெப்பத்தாக்கு உயிரைப் பறிக்கும். நடையைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, முற்பகலில் சிறிது நேரம் கையும் காலும் வெயில் படும்படி வெளியே நிற்பதே இந்த ஊருக்குப் பொருந்தும். எவ்வளவு நேரம் என்பது தோலின் நிறத்தையும் வயதையும் எடையையும் பருவத்தையும் பொறுத்தது. கருந்தோலுக்கும் எடை கூடிய உடலுக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். இந்த எளிய விளக்கத்தை மக்களிடம் கொண்டுசேர்ப்பது பொதுச் சுகாதாரத் துறைகளின் கடமை. அதுவரை இளவெயில் நம்பிக்கையே நிலைத்திருக்கும்.

உணவு இந்தக் குறையை ஈடுகட்டாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2020ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் வைட்டமின் டி தேவை என்று வகுத்தது. அரிசியில் அது இல்லை, பருப்பில் இல்லை, காய்கறியில் இல்லை. ஒரு கோழிமுட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். கொழுப்பு மிகுந்த கடல்மீன்தான் நல்ல மூலம். மத்தியும் கானாங்கெளுத்தியும் இந்தக் கரையிலேயே இறங்குகின்றன. ஆனால் மத்தி மலிவான மீன் என்ற எண்ணத்தால் பல வீடுகளில் மதிப்பிழந்துவிட்டது. ஒரு பங்கு வெளியூருக்கும், ஒரு பங்கு மீன்தூளாக்கவும் லாரி ஏறுகிறது. வறுத்துத் தின்பதைவிடக் குழம்பு வைத்துத் தின்பதே எடை கூடியவர்களுக்கு நல்லது.

தரங்கம்பாடிக்கும் டென்மார்க்குக்கும் உள்ள பழைய உறவு இங்கே நினைவுக்கு வருகிறது. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் பெற்றுக் கோட்டை கட்டிய டேனியர், 1845ல் இந்த ஊரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் நாட்டில் ஆண்டின் பாதி நாள் சூரியன் பலவீனம். ஒளியின் அருமை அவர்களுக்குத் தெரியும். ஒளிக்கதிரைக் குவித்துத் தோல் காசநோய்க்குச் சிகிச்சை அளித்த நீல்ஸ் ஃபின்சென் என்ற டேனிய மருத்துவருக்கு 1903ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே வட ஐரோப்பாவில் ஃபின்லாந்து 2003 முதல் பாலிலும் கொழுப்புத் தடவல்களிலும் வைட்டமின் டி சேர்த்து, 2010ல் அந்த அளவை இரட்டித்து, மக்களின் சத்துநிலையை உயர்த்திக் காட்டியது. வெயில் இல்லாத நாடு திட்டமிட்டுச் சாதித்தது. இந்தியாவில் பாலிலும் சமையல் எண்ணெயிலும் ஏ, டி வைட்டமின்கள் சேர்ப்பதற்கான தரம் 2018ல் விதிமுறையாக வந்தது. ஆனால் சேர்ப்பது நிறுவனங்களின் விருப்பம். உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்புகள் இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். எந்தப் பாலில் உண்டு, எதில் இல்லை என்பது பாக்கெட்டைப் பார்த்த உடனே புரிய வேண்டும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். வாரம் ஒருமுறை விழுங்கும் 60,000 யூனிட் மாத்திரையும் தூளும் இன்று பெட்டிக்கடை மிட்டாய்போலப் புழங்குகின்றன. மருத்துவர் எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து ஆண்டுக்கணக்கில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று புரிந்துகொண்டு விழுங்கியவர்களுக்கு ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தியும் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் வந்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கொழுப்பில் தங்கும் சத்து என்பதால் அது உடலைவிட்டு எளிதில் வெளியேறாது. சீட்டு இல்லாமல் இந்த அளவு மருந்து விற்கப்படுவதைத் தடுக்க வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள். எத்தனை வாரம் என்பதைத் தமிழில், படிக்கத் தெரியாதவருக்கும் வாய்மொழியாக, சொல்லி அனுப்ப வேண்டியது மருத்துவரும் மருந்தாளரும்.

உண்மையான குறைபாடு உள்ளவருக்கு மாத்திரை தேவை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. எடை கூடியவருக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் அளவும் தேவைப்படலாம். அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். ஆனால் மாத்திரையிடம் கேட்கக் கூடாததைக் கேட்கக் கூடாது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்து 2018ல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், நாளொன்றுக்கு 2,000 யூனிட் எடுத்ததால் மாரடைப்போ புற்றுநோயோ வருவது குறையவில்லை. 2019ல் முடிவு வெளியான வேறோர் ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 2,423 பேரில் நாளொன்றுக்கு 4,000 யூனிட் எடுத்தவர்களுக்கு நீரிழிவு வருவது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. உழைக்காத உடலுக்கு வரும் நோய்களை மாத்திரை தடுக்காது. தமிழகத்தில் இருபது வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது. இந்த மாநிலம் இந்தப் பாடத்தை மறக்கும் நிலையில் இல்லை.

பரிசோதனையைப் பற்றியும் ஒரு சொல். முழு உடல் பரிசோதனை என்ற பெயரில், தேவை பாராமல், வைட்டமின் டி சோதனையும் சேர்த்தே விற்கப்படுகிறது. பன்னாட்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு, எடை கூடியவர்களுக்கும்கூட, இந்தச் சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கிறது. எலும்பு வலி, தசைத் தளர்ச்சி, சிறுநீரக நோய், அடிக்கடி எலும்பு முறிவு போன்ற காரணம் உள்ளவர்களுக்கு அது அவசியம். மற்றவர்களுக்கு ஒரு நாள் கூலியைத் தாண்டும் அந்தச் செலவு, மீனுக்கும் பாலுக்கும் போகலாம். கட்டணத்தையும் தேவையையும் நெறிப்படுத்தும் அதிகாரம் கொண்ட அமைப்புகள் இதில் மௌனமாக இருக்கக் கூடாது.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இடுப்பின் சுற்றளவு. ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் நம் உடல்வாகுக்கான எல்லைகள். வயிற்றில் சேரும் கொழுப்பை உடல் நிறை எண்ணைவிட நன்றாக இது காட்டும். ஒல்லியாகத் தெரியும் கைகாலோடு தொந்தி விழுந்த உடல் நம்மிடையே மிகுதி. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பதிவாவதைப்போல இடுப்பளவும், வாரத்தில் எத்தனை நிமிடம் உடலை அசைக்கிறார் என்ற கேள்விக்கான பதிலும் பதிவாக வேண்டும். மூட்டுவலியோடு வருபவரிடம் நடக்காதே என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். எப்படி நடப்பது, எவ்வளவு தொடங்குவது, எந்தப் பயிற்சி உட்கார்ந்தே செய்யலாம் என்று சொல்லத் தெரிந்த இயன்முறைப் பயிற்சியாளர் அங்கே இருக்க வேண்டும். இதய நோயோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பள்ளி நிர்வாகங்களும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் பழக்கம், வளரும் பிள்ளையிடமிருந்து உழைப்பையும் வெயிலையும் ஒரே நேரத்தில் பறிக்கிறது. மாலை வந்தால் தனிப்பயிற்சி வகுப்பு. எலும்பு உறுதிபெறும் வயது அதுவே. அந்தப் பாடவேளையைத் திருப்பித் தருவதற்கு நிதி தேவையில்லை. உத்தரவு ஒன்று போதும், அது நடக்கிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு போதும்.

டெல்டாவின் ஆண்டு, மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12ஐ வைத்து எண்ணப்படுகிறது. விதையும் உரமும் கடனும் அந்த நாளைப் பார்த்தே திட்டமிடப்படுகின்றன. அந்தத் திட்டமிடலில் இனி உடலுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்கிறோம். அடுத்த குறுவைக்கு முன், இந்தக் கடலோர ஊர்களில் 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரின் இடுப்பளவும் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். மயிலாடுதுறை மாவட்டத்துக்கென்று தனிக் கணக்கு வெளியாகட்டும். அதில் எத்தனை பெண்கள் 80ஐத் தாண்டியிருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வீட்டிலிருந்து பாதுகாப்பாக நடந்துபோக ஒரு பாதை இருக்கிறது என்ற இரண்டு எண்களும் அருகருகே அச்சாகட்டும்.